கேஷ் புக்கைத் தொறந்துராதீங்க, டாக்டர் தம்பி

வாங்க டாக்டர் தம்பி, உக்காருங்க. நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பொறுப்பா வந்துருக்கீக, சந்தோசம். நோயாளர் நலச் சங்கத்துல நானும் ஒரு மெம்பரு. கூட்டத்துக்கு வருவேன், வடை தின்பேன், காட்டுன எடத்துல கையெழுத்துப் போடுவேன். அந்த அனுபவத்துல கொஞ்சம் புத்தி சொல்லுதேன்.

மொதல்ல, கேஷ் புக்கைத் தொறந்துராதீங்க. வரவு பேனால இருக்கும், செலவு பேனால இருக்கும், மிச்சம் மட்டும் பென்சில்ல இருக்கும். ஏன்னு கேட்டுறப்படாது. சங்கத்தோட பேங்க் பாஸ்புக்குல வேற மிச்சம் நிக்கும். ரெண்டுக்கும் ஆடிட்டர் வாறதுக்கு மொத நாள் ராத்திரி கல்யாணம் பண்ணி வச்சுருவாக.

2005-ல தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தப்ப, ஒரு நிலையத்துக்கு வருசத்துக்கு அன்டைட் ஃபண்டு 25,000, பராமரிப்புக்கு 50,000, சங்கத்துக்கு 1,00,000-னு ஒதுக்குனாக. உள்ளூர்லயே பேசி முடிவு பண்ணிச் செலவழிக்கணும்னுதான் குடுத்தாக, நல்ல யோசனை. ஆனா பிரசவ வார்டுல லைட்டு எரியுதான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாக. பயன்பாட்டுச் சான்றிதழ் எங்கேன்னு மட்டும் விடாம போன் வரும். அதனால நல்ல பேரு வேணும்னா மார்ச் மாசம் சுவருக்குப் பெயிண்ட் அடிச்சுத் தள்ளுங்க. 100 சதவீதம் செலவு! மாவட்டக் கூட்டத்துல நீங்கதான் ராசா. ஏப்ரல்ல இன்வெர்ட்டர் பேட்டரி போனா என்ன, நர்சம்மா கையில செல்போன் லைட்டு இருக்குல்லா?

2021-லேருந்து அந்த இயக்கப் பணத்துக்கு ஜீரோ பேலன்ஸ் கணக்கு, பணம் நம்மகிட்ட நிக்காது. செலவை மத்திய சர்க்காரோட பி.எஃப்.எம்.எஸ். கம்ப்யூட்டர் கணக்குல தட்டுனா தில்லிக்குத் தெரிஞ்சிருது. கிளவுஸ் வாங்க எவ்வளவு பாக்கி இருக்குங்கிறதுதான் நர்சம்மாவுக்குத் தெரியல.

நம்ம ஆசுபத்திரில ஒரே ஒரு கணக்குத்தான் உசுரோட இருக்கு. 1994-ல தொடங்குன தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் குடுத்துருக்க மருந்து பாஸ்புக்கு. இவ்வளவு ரூவாய்க்கு மருந்து எடுக்கலாம்னு அதுல இருக்கும். மாவட்டக் கிடங்குல எடுக்க எடுக்கக் கழிச்சுக்கிட்டே வருவாக. ஃபார்மசிஸ்ட் அதைப் பாத்துத்தான் இருமல் மருந்தைக் குறைச்சு, சுகர் மாத்திரையைக் கூட்டிக் கேப்பாரு. அது அவரு யோக்கியம் மட்டுமில்ல தம்பி, பயம். அந்தக் கணக்கு தப்புனா ரேக்கு காலியாயிரும், சுகர்க்காரக கவுண்டர்ல நின்னு வைவாக. கேஷ் புக்கு தப்புனா யாரு வைவாக? ஆடிட் குறிப்பு வரும். அது வந்து சேரதுக்குள்ள உங்களுக்கு டிரான்ஸ்ஃபர் வந்துரும்.

அதனால ஒரு விசமம் சொல்லித்தாறேன். மாசாமாசம் வந்தது, போனது, இருக்கறதுன்னு மூணு வரி, ஓ.பி. சீட்டு குடுக்குற எடத்துல போர்டுல எழுதிப் போடுங்க. எங்கூர்க் கிழவிக மகளிர் குழு வட்டியை விரல்லயே கணக்குப் போடுறவளுக. சீட்டுக்கு நிக்கிற நேரத்துல உங்க போர்டை அக்குவேறா ஆணிவேறா பிரிச்சுருவாளுக. மொத மாசம் கிளார்க்கு மெடிக்கல் லீவு கேப்பாரு. சர்டிபிகேட்டு நீங்கதானே குடுக்கணும், பாத்துக் குடுங்க.