வெள்ளைச் செவுரும் வெளையாட்டுப் பையனும்

அம்மிணி, பையன் ரூமை மாத்திப்போட்ட படம் வாட்ஸப்புல வந்து சேந்துது. பாத்தேன். சுத்தம்னா அப்படியொரு சுத்தம். உன்ர அம்மாயி கண்ணாடிய மாட்டிப் பாத்துட்டு, "ஏனுங்க, பையனை ஹாஸ்டல்ல சேத்திட்டாளா?"ன்னு கேட்டா. நாந்தான், "கம்முனு இரு, இதுதான் இப்பப் பேஷன்"னு அடக்கி வெச்சிருக்கறேன்.

வெள்ளைச் செவுரு. வெளுத்த பலகைக் கட்டில். சாம்பல் கலர்ல ஒரு போர்வை. செவுத்துல காயிதத்துல செஞ்ச மான்தலை ஒண்ணு. ஒரே ஒரு கரடி பொம்மை, அதுவும் வெள்ளைக் கரடி. பையனோட லாரி, ஜேசிபி, டைனோசரு முச்சூடும் எங்கன்னு கேட்டா, மூட்டை கட்டி அட்டாலில போட்டாச்சுங்கற. ஸ்காண்டிநேவியன் மினிமலிசமாம். அதுக்கு அந்த இன்டீரியர் தம்பி 4 லட்சம் எஸ்டிமேட் போட்டானாம். ரூம்ல சாமானே இருக்கக் கூடாதுங்கறதுக்கே 4 லட்சம்னா, சாமானும் வேணும்னு கேட்டிருந்தா மாப்பிள்ளை தென்னந்தோப்பை எழுதிக் குடுத்திருக்கோணும்.

கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காத. உன்ர அண்ணன் ஸ்டாக்ஹோம்ல வேலையில இருந்தப்ப ஒரு பனிக்காலம் பூரா நான் அங்கதான் கம்பளி சுத்திக்கிட்டுக் கெடந்தேன். அந்த ஊர்க்காரங்க செவுத்துக்கு வெள்ளை அடிக்கறது வெறும் அழகுக்கில்ல. டிசம்பர் மாசம் அங்க பகல்ங்கறதே 6 மணி நேரந்தான். மத்தியானச் சோறு உண்டு கை கழுவி, சித்த கண்ணசரலாம்னு பாத்தா, 3 மணிக்கு முன்னாலயே பொழுது உழுந்துரும். வர்ற துளி வெளிச்சத்தையும் புடிச்சு ரூமுக்குள்ள சுத்த உடறதுக்குத்தான் வெள்ளைச் செவுரு, வெளுத்த மரத்தரை, திரை போடாத சன்னல். பொழுது போனா, சன்னலுக்குச் சன்னல் ஒரு வெளக்கை வேற ஏத்தி வெச்சிருவாங்க. இருட்டுல கெடந்து வாடுனவங்க கண்டுபுடிச்ச வழி அது.

உனக்கென்ன வெளிச்சத்துக்குப் பஞ்சமா? கோயமுத்தூர்ல மார்கழிலயே பகல் 11 மணி நேரத்துக்கு மேல. வேசகாலத்துல அது வெளிச்சமில்ல, வெசனம். மேக்க பாத்த சன்னல்ல திரையைக் கழட்டிப் போட்டுட்டு, எதுத்த செவுத்துக்குப் பளபளன்னு வெள்ளைப் பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கற. மத்தியானம் 2 மணிக்கு மேல அந்த ரூம்ல நீ வடாம் காயப் போடலாம். கீழ வேற பொசுபொசுன்னு ஆட்டுத்தோல் விரிப்பு, அதுவும் பாலியஸ்டர்ல. பட்டி நெறைய மேச்சேரி ஆடு வெச்சிருந்த குடும்பத்துல பொறந்துட்டு, பிளாஸ்டிக் ஆட்டுக்குக் காசு குடுத்தவ நீ ஒருத்திதான். அதுல அடையற தூசிக்கு விடிய விடியத் தும்மப் போறது பையன். படமெடுத்து ஸ்டேட்டஸ் வெக்கப் போறது நீ.

அதனால மொத வேலையா, அந்தப் பளபளப்பை மாத்து. சந்தனக் கலர் பக்கம் சாஞ்ச, மினுக்காத பெயின்ட் போதும். சன்னலுக்கு நல்ல கனத்துல பருத்தித் திரை. அந்தப் பிளாஸ்டிக் ஆட்டைத் தூக்கிட்டு ஒரு பவானி ஜமக்காளம் விரி. மாடிக்குக் கொண்டு போய் நாலு ஒதறு ஒதறுனா தூசி அத்துப்போயிரும். கட்டிலுக்குச் சென்னிமலைப் போர்வை. ஸ்டைல் போயிருமேன்னு பயப்படாத. ஸ்காண்டிநேவியாக்காரன் தன் ஊரு மரத்தையும் தன் ஊரு துணியையும் வெச்சுத்தான் ரூமைக் கட்டுனான். நீயும் உன்ர ஊருதை வெச்சுக் கட்டு.

சுவீடன்காரங்க ஊட்டு அழகுக்கு மூலம் எதுன்னு கேட்டா, ஒரு ஓவியரோட ஊட்டைக் காட்டுவாங்க. அவரு பேரு கார்ல் லார்சன், ஊட்டுக்காரம்மா காரின். ஃபாலுன் பக்கம் சுந்த்போர்ன்ங்கற கிராமத்துல, காரினோட அப்பா 1888ல குடுத்த ஊடு. மாமனாரு குடுத்த ஊட்ல மாப்பிள்ளை காலாட்டிக்கிட்டு உக்காந்திருக்கறது நம்ம சனத்துல மட்டுமில்ல, பாத்துக்க. அந்த ஊட்டை மூலை முடுக்கு உடாம வரைஞ்சு 1899ல பொஸ்தகமாப் போட்டாரு. உன்ர அண்ணன் வெச்சிருந்ததைப் பொரட்டிப் பாத்தேன். செவப்பு, பச்சைன்னு மரத்துக்கெல்லாம் தைரியமாப் பெயின்ட். காரின் தானே தறியில போட்ட துணிங்க. எந்தப் பக்கத்தைத் தொறந்தாலும் பசங்க. வசவு வாங்கிட்டு, மூலையில நாக்காலியப் போட்டு, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கற பையனைக் கோட மனுசன் உடல. நீ அனுப்புன படத்துல பையனோட ஒத்தைச் செருப்புக் கோடக் காணோம். அவரு ஊட்டை வரைஞ்சாரு. நீ ஷோரூமை எடுத்திருக்கற.

அப்ப அந்த ஊர்க்காரங்ககிட்டக் கத்துக்க ஒண்ணுமே இல்லையா அப்புச்சின்னு மொகத்தைச் சுளிக்காத. கத்துக்க மலையாட்ட இருக்குது. ஆனா அது பெயின்ட் டப்பாவுல இல்ல, மரவேலையில இருக்குது.

1944, சண்டைக்காலம். டென்மார்க்ல ஹான்ஸ் வெக்னர்னு ஒருத்தரு, தச்சு வேலை கத்துத்தான் மேல வந்தவரு. சிநேகிதரு புள்ளைக்குன்னு ஒரு குட்டி நாக்காலி செஞ்சாரு. ஆணி இல்ல, திருகு இல்ல. பலகையோட பலகையக் கோத்தா நாக்காலி, உருவுனா மறுக்கா பலகை. அதே நாட்டுல 1957ல கிறிஸ்டியன் வேடல், வளைச்ச பிளைவுட்ல காடி வெட்டி ஒரு சாமான் செஞ்சாரு. பலகைய மாத்திச் சொருகுனா நாக்காலி. பொரட்டிப் போட்டா பையன் இஷ்டத்துக்கு வேற என்னவோ. ரெண்டு பேரும் புள்ளை கையில குடுக்கறதுக்குச் செஞ்சாங்க. படத்துக்கு நிக்க வெக்கறதுக்குச் செய்யல.

அத்தனையிலயும் எனக்குப் புடிச்சது, நார்வேக்காரரு பீட்டர் ஓப்ஸ்விக் 1972ல கொண்டாந்த ட்ரிப் ட்ராப் நாக்காலிதான். அவரு பையனுக்கு ரெண்டு வயசு. கொழந்தை நாக்காலியில அடங்காம, பெரியவங்க நாக்காலியில எட்டாம, சாப்பாட்டு மேசையில அவன் படற பாட்டைப் பாத்துட்டுத்தான் செஞ்சாராம். உன்ர அண்ணன் ஊட்ல ஒண்ணு இருந்துது. கவுத்துப் போட்டுத் தடவிப் பாத்தேன். சாய்வா நிக்கற ரெண்டு மரச்சட்டம். சட்டத்தோட உள்பக்கம் மேலருந்து கீழ வரைக்கும் காடி காடியா வெட்டியிருக்குது. அதுல சொருக ரெண்டு பலகை: ஒண்ணு உக்கார, ஒண்ணு கால் வெக்க. புள்ளை வளர வளர, திருகைத் தளத்தி, பலகைய ஒரு காடி கீழ எறக்கிச் சொருகோணும். அவ்வளவுதான் சூட்சுமம். காலு அந்தரத்துல தொங்காது, கை மேசைக்கு எட்டாமப் போகாது. கைக்கொழந்தையில உக்காந்தவன் காலேஜ் போறப்பவும் அதுலயே உக்காரலாம். நான் கோட உக்காந்து பாத்தேன். ஒரு சத்தம் போடல.

சாமானைக் கொறைக்கறதுன்னா இதுதான் அம்மிணி. ஒரு சாமான் பத்து வருசத்துக்கு வரோணும். நீ என்ன பண்ணியிருக்கற? ஊடு மாதர கூரை வெச்ச கட்டில் ஒண்ணு, நீளம் அஞ்சேகால் அடி. பையனுக்கு இப்ப ஆறு வயசு. இந்த வயசுப் பசங்க வருசத்துக்கு 5, 6 சென்டிமீட்டர் வளருவாங்க. பன்னெண்டு வயசு தாண்டுனா தலை ஒரு பக்கம் முட்டும், காலு ஒரு பக்கம் முட்டும். அப்ப மறுக்கா அந்த இன்டீரியர் தம்பி டேப்பை எடுத்துக்கிட்டு வருவான். சுவீடன்ல இழுத்தா நீளற கட்டில் விக்கறாங்க. சுமார் நாலரை அடியில ஆரம்பிச்சு, ஆறரை அடிக்கு மேல கோடப் போகும். அடிச்சட்டத்துக்குள்ள சட்டம், அதுக்கு மேல துண்டு துண்டா மெத்தை, வேற மாயமில்ல. படத்தைக் காட்டுனா நம்மூரு ஆசாரி வேப்பமரத்துலயே செஞ்சு குடுத்துருவாரு. நீ கேட்ட எஸ்டிமேட்டுல பாதி மிஞ்சும். மிஞ்சுனதை என்ன பண்றதுன்னு மாப்பிள்ளைகிட்டக் கேக்காத, அவரு புது பைக்குங்கறாரு.

ரூம்ல மாட்டியிருக்கற கொக்கியப் பாத்தேன். உன்ர தலைக்கு நேரா இருக்குது. பையன் சட்டைய மாட்டறதுன்னா ஏணி வெக்கோணும். பொறகு, "துணியக் கீழ போடறான்"னு அவன் மேலயே பிராது சொல்ற. கொக்கி, பொஸ்தகப் பலகை, துணிப் பெட்டி மூணையும் அவன் நெஞ்சு ஒசரத்துக்கு எறக்கு. வளந்தா ஏத்திக்கலாம், செவுத்துல நாலு ஓட்டை எச்சா உழுந்தா குடி முழுகாது. அந்த இழுப்பறை அலமாரியச் செவுத்தோட திருகுப் போட்டுக் கட்டிரு, அதை மட்டும் நாளைக்குன்னு தள்ளாத. 2016ல அமெரிக்காவுல ஐக்கியா கம்பெனியே சுமார் 2.9 கோடி இழுப்பறை அலமாரியத் திரும்ப எடுத்துக்கறோம்னு அறிவிச்சுது. இழுப்பறையத் தொறந்து ஏறுன பசங்க மேல அலமாரி கவுந்து உசுரே போயிருக்குது. இதுல அப்புச்சி நையாண்டி பண்ணல.

அடுத்த சேதி. சுவீடன்ல 1979லயே சட்டம் போட்டுட்டாங்க: பெத்தவங்களே ஆனாலும் புள்ளை மேல கை வெக்கக் கூடாது. ஒலகத்துலயே மொத நாடு அதுதான். நீ வெள்ளைச் செவுரை மட்டும் எறக்குமதி பண்ணிட்டு, சட்டத்தை அங்கயே உட்டுட்டு வந்துட்ட. பையன் செவுத்துல கிரேயான்ல ரயிலு உட்டான்னு நீ தோசைக்கரண்டியத் தூக்குன சேதி எனக்கு வந்திருச்சு. மாப்பிள்ளை வாய் தவறிச் சொல்லிட்டாருன்னு நெனைக்காத, வேணும்னுதான் சொன்னாரு. வெள்ளைச் செவுரு வேணும்னா கரண்டியக் கீழ வெய்யி. கரண்டி வேணும்னா செவுத்துக்குச் செம்மண்ணைப் பூசு. ரெண்டும் ஒரு ஊட்ல குடித்தனம் பண்ணாது. இல்லீன்னா, ஒரு செவுத்துல அவன் கை எட்டற ஒசரம் வரைக்கும் கரும்பலகைப் பெயின்ட் அடிச்சு, "இது உன்ரது"ன்னு சொல்லிரு. ரயிலு எத்தனை பொட்டி வேணும்னாலும் போகட்டும்.

அங்க ஊட்டுக்கு ஊடு பசங்க பொம்மைய ஒளிச்சு வெச்சுட்டுக் கைகட்டி உக்காந்திருக்கறாங்கன்னு ஆராவது சொன்னா நம்பாத. லெகோ எந்த ஊரு? டென்மார்க்ல பில்லுண்ட். 1932ல ஒரு தச்சரு மரப் பொம்மை செய்ய ஆரம்பிச்ச பட்டறை அது. எட்டுக் குமிழு வெச்ச ஒரே கலர் கட்டை ஆறு இருந்தா, 91 கோடி விதத்துக்கு மேல கோக்கலாம்னு கணக்குப் போட்டிருக்கறாங்க. ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிக்கற அப்பன் காலுக்கு அதுல ஒண்ணு போதும். சுவீடன் பசங்களுக்கு உசுரான பிப்பி, 1945ல ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் எழுதுன கதைப் பொண்ணு, குதிரையவே தாவாரத்துல கட்டி வெச்சிருக்கறவ. உன்ர பையன் கேட்டது ஒரு ஜேசிபி.

"நாங்க அந்தக் காலத்துலயே பாயும் தலைகாணியுமா மினிமலிசமாத்தான் இருந்தோம்"னு கெழவன் பெருமை பேசுவான்னு நீ காத்திருப்ப. பேச மாட்டேன். எங்கூட்ல சாமான் இல்லாதது கலையில்ல, காசில்ல. ஒரு பம்பரத்துக்குத் தேர் நோம்பி வரைக்கும் காத்துக் கெடந்தவன் நான். எனக்கு அப்ப ஒரு ஜேசிபி கெடைச்சிருந்தா, அதை அட்டாலில ஏத்தறவ கையக் கடிச்சிருப்பேன்.

அதனால அந்த மூட்டைய எறக்கு. அத்தனையும் பரப்ப வேண்டாம், கொஞ்சம் கீழ, மீதி மேல. மாசத்துக்கு ஒருக்கா மாத்து. எது எறங்கறது, எது ஏறறதுன்னு பையன் முடிவு பண்ணட்டும். கொடுத்தரலாம்னு அவனே எடுத்து வெச்சதைக் கொடுத்துரு. நீயாத் திருட்டுத்தனமாத் தூக்காத, கண்டுபுடிச்சுருவான், உன்ர ரத்தம் அது.

படத்துக்கும் ஒரு வழி சொல்றேன். காலையில 8 மணிக்கு ஸ்கூல் பஸ் ஏறுனா, 4 மணிக்குத்தான் எறங்கறான். அந்த எட்டு மணி நேரம் ரூம் உன்ரது. கூட்டி, மடிச்சு, வெள்ளைக் கரடியக் குந்த வெச்சு, எத்தனை படம் வேணும்னாலும் எடு. 4 மணிக்கு மேல அவன் ஊடு. நீ கதவைத் தட்டிட்டு உள்ள போகோணும். இதுக்கும் ஒத்துவரலீன்னா, ரூமை நீயே வெச்சுக்க. பையனை ஜேசிபியோட எங்கூட்டுக்குத் தாட்டியுடு. இங்க செவுரு எல்லாம் ஏற்கெனவே உன்ர அம்மாவும் நீயும் கிறுக்குனதுதான், இன்னொருத்தனுக்கும் எடமிருக்குது.