லட்சம் கோடி ஆட்டமும் ஒரு ஈரச் சட்டையும்

வா தம்பி, இரு. மெக்கில் யூனிவர்சிற்றியில படிக்கிறாயாம். 'டெராஹெர்ட்ஸ் ஒளியைக் கிராபீனால ஆட்டிப் படைக்கப் போறான்' எண்டு கொம்மா கோயில் முழுக்கச் சொல்லித் திரியிறா. ஒளியை அடக்கப் போறியோ? நல்லது. முதல்ல உன்ர தலைமயிரை ஒருக்கா அடக்கு.

கிழவனுக்கு என்ன தெரியும் எண்டு பார்க்காதை. நானும் நாலு கட்டுரை வாசிக்கிறனான். உந்த ஒளி செக்கனுக்கு லட்சம் கோடி தரம் ஆடுமாம். மைக்ரோவேவுக்கு மேல, அகச்சிவப்புக்குக் கீழ. உடுப்பு, காயிதம், பிளாஸ்டிக் எல்லாத்தையும் ஊடுருவும். எக்ஸ்ரே போல அணுவில இருந்து எலக்ட்ரோனைப் பிடுங்கிக் கேடு செய்யாது. கெட்டிக்காரன்தான். ஆனா தண்ணியைக் கண்டா? அங்கயே சரி. மழையில நனைஞ்ச ஒரு ஜக்கெற்றைத் தாண்ட ஏலாது. மொன்றியல் யூலை மாதத்து ஈரக்காத்தே அதை வழியில குடிச்சுப்போடும். இதுக்குள்ள 6ஜி எண்டு எடுப்பு வேற! கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வைகுண்டம் போன கதைதான்.

சரி, கிராபீன் எண்டா என்ன கண்டறியாத சாமான்? பென்சில் கரி. ஒரு அணு மொத்தத்துக்கு உரிச்ச கரி. 30 லட்சம் தாள் அடுக்கினாத்தான் ஒரு மில்லிமீற்றர். மான்செஸ்டர்ல கைம், நோவோசெலொவ் எண்ட ரெண்டு விஞ்ஞானியளும் 2004ல அதை எதால உரிச்சவை? செலோட்டேப்பால! ஒட்டி, மடிச்சு, இழுத்து, திரும்ப ஒட்டி. 2010ல நோபல் பரிசு. நீ அதே டேப்பை வாத்தியாரின்ர கதிரையில ஒட்டி அடி வாங்கினாய்.

வாத்தியார் எண்டதும் நினைவு வருது. பி. ஆர். வாலஸ் எண்டொருத்தர் உங்கட மெக்கில்லதான் படிப்பிச்சவர். ரெண்டாம் உலக யுத்த காலத்தில மொன்றியல் அணு ஆய்வுகூடத்தில வேலை. அணு உலைக்குக் கிராபைட் தேவை. அதுக்குள்ள எலக்ட்ரோன் எப்பிடி ஓடுது எண்டு 1947ல கணக்குப் போட்டார். ஒற்றைத் தாளின்ர கணக்கும் அதுக்குள்ள கிடந்தது. அப்ப ஒற்றைத் தாளை ஆர் உரிச்சது? ஒருத்தருமில்லை. நீ இண்டைக்குப் பலகையில எழுதிப் பெருமை அடிக்கிறது அவற்ற கணக்கைத்தான்.

கட்டுப்படுத்துற வித்தை ஒண்டும் பெரிசில்லை. தாளுக்குக் கொஞ்சம் வோல்ற்றேஜ் குடு. எலக்ட்ரோன் கூடினா ஒளியை மறிக்கும், குறைஞ்சா விடும். ஊரில வாய்க்கால் வெட்டித் தண்ணி மாறுவம், அதேதான். ஒற்றைத் தாள் எண்டபடியா முழுசா மறிக்காது. அதை மட்டும் வாய் திறந்து சொல்ல மாட்டியள், என்ன?

கிராபீனைக் காந்தத்துக்குள்ள வச்சா அலை ஆடுற திசையையே திருப்புமாம். மொன்றியல் பொலிடெக்னிக், மெக்கில், யூகாம் பல்கலைக்கழக ஆக்கள் சேர்ந்து 2013ல மைக்ரோவேவில காட்டினவை. போறதை விட்டு, திரும்பி வாறதை மறிக்கிற கருவிக்கு அது வழி. உது வேலை. அதை மெச்சுறன்.

இன்னொண்டு. மொன்றியல் ஆத்துக்கு அங்கால, வரென் எண்ட ஊர் ஆய்வுகூடத்தில பலமான டெராஹெர்ட்ஸ் துடிப்பை உண்டாக்குறவை. அப்பிடிப் பலமா அடிச்சா கிராபீன் உறிஞ்சுறது குறையும். மெல்லத் தட்டினா மறிக்குது, போட்டு அடிச்சா வழி விடுது! எங்கட ஊர் விதானையார் கெட்டார்.

உன்ர மானிய விண்ணப்பத்தில 'புரட்சி' எண்டு எத்தினை தரம் எழுதினாய்? ஈரச் சட்டைக் கதையை ஒருக்காலாவது எழுதினியோ? எழுதியிருக்க மாட்டாய். காசு குடுக்கிறவை பயந்து போவினம்.