குன்றக் கூறல், மிகைபடக் கூறல்: பெரிய டயரும் வேகமுள்ளும் பற்றிய ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று நன்னூலில் வகுத்தார் பவணந்தி முனிவர். அவர் காலத்தில் ஸ்பீடாமீட்டர் இல்லை. இருந்திருந்தால் உரையாசிரியர்கள் உதாரணம் தேடி அலைந்திருக்க மாட்டார்கள். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல், சென்று தேய்ந்து இறுதல் என்னும் நான்கையும் ஒரே கண்ணாடி வட்டத்துக்குள் அடக்கிய நூல் அது ஒன்றே. இக்கட்டுரை அதற்கு எழுதப்படும் முதல் உரை என்று நம்பப்படுகிறது. நம்புகிறவர் கட்டுரையாளர்.

களமும் கருவியும்

ஆய்வுக் களம், ஆக்லாந்தின் பென்ரோஸ். கிடங்கும் பட்டறையுமாக நிறைந்த பகுதி. ஒரு பக்கம் கிரேட் சவுத் ரோடு, இன்னொரு பக்கம் தெற்கு மோட்டார்வே. லாரி பார்க்க வேண்டுமென்றால் கண்ணைத் திறந்தால் போதும்.

ஆய்வுக் கருவி, கட்டுரையாளரின் டீசல் யூட். யூட் என்பது பின்னால் தொட்டி வைத்த வண்டி. நம்மூர் டாடா ஏஸுக்குத் தாய்மாமன் முறை. வாங்கும்போது இருந்த டயர் 265/65 ஆர் 17. பக்கத்து வீட்டு யூட்டுக்குப் பெரிய டயர் வந்த மறுவாரம், இதற்கு 285/70 ஆர் 17 மாட்டப்பட்டது. ஆய்வுலகில் இதைத் தேவை என்பார்கள். வீட்டில் வேறு பெயர் சொன்னார்கள்.

கணக்கு எளிது. பழைய டயரின் விட்டம் 776 மி.மீ., புதியது 831 மி.மீ. ஒரு கிலோமீட்டர் போக முன்பு 410 சுற்று சுற்றிய சக்கரம் இப்போது 383 சுற்றிலேயே போய்விடுகிறது. 27 சுற்று குறைவு. இந்த 27 சுற்றின் கதைதான் இனி வருவதெல்லாம்.

முன்னோர் மொழி

கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியப் பொறியாளர் விட்ருவியஸ் ஒரு வண்டியை விவரித்தார். சக்கரத்தின் சுற்றளவு பன்னிரண்டரை அடி. 400 சுற்று சுற்றினால் 5,000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். மைலுக்கு ஒரு கூழாங்கல் வெண்கலப் பாத்திரத்தில் விழும். மாலையில் கல்லை எண்ணினால் தூரம் தெரியும். 1902இல் ஜெர்மனியின் ஓட்டோ ஷுல்ட்ஸே சுழலும் காந்தத்தையும் உலோகக் கிண்ணத்தையும் மெல்லிய சுருள்வில்லையும் சேர்த்து வேகமுள்ளுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று கேபிளுக்குப் பதில் சென்சார் எண்ணுகிறது.

இரண்டாயிரம் வருஷத்தில் எல்லாம் மாறியது, அடிப்படை மாறவில்லை. இவற்றில் எதுவும் சாலையைப் பார்த்ததில்லை. சுற்றை எண்ணி, சக்கரத்தின் அளவு நேற்றுப் போலவே இன்றும் இருக்கும் என்று நம்பிப் பெருக்கிச் சொல்கிறது.

இதைக் கட்டுரையாளர் நூல்களில் படித்து அறிந்தார். நண்பரின் அப்பா படிக்காமலே அறிந்திருந்தார். நாமக்கல்லில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். பேத்தியைப் பார்க்க வந்திருக்கிறார். புது டயரை ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டி, காற்று சரி என்று காதால் அறிந்துகொண்டு கேட்டார்: “முள்ளு என்னங்க தம்பி பண்ணும்? சக்கரம் எத்தனை சுத்துன்னு யாரோ சொல்றாங்க, அது எழுதிக்குது. சக்கரம் பெருசாயிருச்சுன்னு அதுக்குச் சொன்னீங்களா?”

சொல்லவில்லை.

குற்றம் ஒன்று: மிகைபடக் கூறல்

தொழிற்சாலையிலிருந்து வரும் முள் பிறவியிலேயே பெருமைக்காரன். பல நாடுகள் ஏற்றுள்ள ஐ.நா. வாகன விதி 39, முள் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்கிறது. கூட்டிக் காட்டலாம், உண்மையில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும் வரை. நூறில் போகும் வண்டி 114 என்று காட்டினாலும் சட்டப்படி குற்றமில்லை. ஆகவே தயாரிப்பாளர்கள் முன்னெச்சரிக்கையாகக் கொஞ்சம் ஏற்றியே வைக்கிறார்கள். பழைய டயரில் நம் முள் 100 காட்டியபோது கைப்பேசியின் ஜி.பி.எஸ். 95 காட்டியது.

குற்றம் இரண்டு: குன்றக் கூறல்

டயர் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை, அதே மோட்டார்வே, அதே கைப்பேசி. அளவீட்டுப் பொறுப்பு மனைவியிடம்.

“நூத்தி ரெண்டு காட்டுதுங்க. மெதுவாப் போங்க.”

“முள்ளு நூறுதானே காட்டுது?”

“முள்ளு எதைக் காட்டினா என்ன? ஃபைன் உங்க பேருக்குத்தான் வரும்.”

ஏழு சதவீதம் குன்றக் கூறியதும், ஐந்து மிகைபடக் கூறியதும் ஒன்றையொன்று தின்று மீதி இரண்டு. மறுநாள் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கிரேட் சவுத் ரோட்டில் சோதனை மறுபடி செய்யப்பட்டது. முள் பூச்சியம், ஜி.பி.எஸ். பூச்சியம். நெரிசலில் எல்லா டயரும் சமம்.

குற்றம் மூன்று: மாறுகொளக் கூறல்

ஆய்வின் மையம் இதுவே. முள்ளுக்குப் பக்கத்தில் ஓடோமீட்டர் என்றொரு சாது உண்டு. இரண்டுக்கும் சேதி வருவது ஒரே சக்கரத்திலிருந்து. முள்ளைப் பெருமையடிக்க வைத்தவர்கள் இதை ஏறக்குறைய ஒழுங்காகவே வைத்திருக்கிறார்கள். டயர் மாறியதும் பொய்யன் உண்மைக்கு இரண்டடி பக்கத்தில் வந்து நிற்கிறான். சாது ஏழு சதவீதம் பொய் சொல்லத் தொடங்குகிறது.

சாதுவின் பொய் லேசானதல்ல. ஒரு டேங்க் டீசலுக்கு 600 கிலோமீட்டர் என்று அது காட்டும்போது வண்டி 642 போயிருக்கும். பெரிய டயர் டீசல் குடிக்கும் என்பது மெய்தான். ஆனால் ‘மைலேஜ் போச்சு’ என்ற புலம்பலில் ஒரு பங்கு வெறும் கணக்குப் பிழை.

அடுத்தது வரி. நியூசிலாந்தில் டீசல் வண்டிகள் 1978 முதல் ஓடிய தூரத்துக்குச் சாலைக் கட்டணம் கட்டுகின்றன. நம்மைப் போன்ற சிறு வண்டிக்கு 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர், ஓடோமீட்டர் சொல்லும் கணக்குப்படி. சாது விழுங்கும் 70 கிலோமீட்டருக்கு 5 டாலர் 32 சென்ட். பக்கத்து வீட்டைப் பார்த்து டயர் மாட்டியவன், தெரியாமலே அரசாங்கக் கஜானாவில் கைவைக்கிறான்.

மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகளிடம் அரசு இப்படி ஏமாறுவதில்லை. அவற்றில் பலவற்றின் சக்கர நடுவில் ஹபோடாமீட்டர் என்ற சிறு டப்பா இருக்கும். வெளிக்கூடு சக்கரத்தோடு சுற்றும். உள்ளே ஒரு எடை சுற்றாமல் கீழ்நோக்கித் தொங்கும். இரண்டின் வேறுபாடே கணக்கு. ஊரே சுற்றினாலும் தான் அசையாத அந்த எடையைக் கண்டு கட்டுரையாளருக்கு மரியாதை ஏற்பட்டது. பிறகுதான் தெரிந்தது, அதுவும் டயர் அளவுக்குத் தக்கபடி வாங்க வேண்டியதுதான்.

குற்றம் நான்கு: சென்று தேய்ந்து இறுதல்

பென்ரோஸில் இதற்கு உதாரணமாக ஒரு மலையே உண்டு. மவுண்ட் ஸ்மார்ட் என்ற எரிமலைக் குன்றைக் கல்லுக்காக வெட்டி வெட்டி, இப்போது அந்த இடத்தில் விளையாட்டரங்கம் இருக்கிறது. பெயரில் மட்டும் மலை. டயரின் கதையும் அதுவே. 8 மி.மீ. ஆழத்தில் தொடங்கும் பட்டன், சட்டம் பொறுக்கும் கடைசி எல்லையான 1.5 மி.மீ.க்குத் தேயும்போது விட்டம் 13 மி.மீ. சுருங்குகிறது. சுமார் 1.6 சதவீதம். அதாவது டயரையே மாற்றாதவர் வண்டியிலும் டயர் மாறிக்கொண்டுதான் இருக்கிறது.

முடிபு

கட்டுரையாளர் பட்டறைக்குப் போய், வண்டியின் கம்ப்யூட்டருக்குப் புதிய சுற்றளவைச் சொல்ல வைத்தார். முள் பழையபடி பெருமையடிக்கிறது, சாது சாதுவாகிவிட்டது, அரசுக்கு 5 டாலர் 32 சென்ட் போகிறது. இந்த நற்செய்தியை நாமக்கல் பெரியவரிடம் சொன்னபோது அவர் குனிந்து, பட்டனுக்கு நடுவில் கட்டைவிரல் நகத்தை விட்டு ஆழம் பார்த்தார்.

“இன்னிக்குச் சரிதானுங்க தம்பி.”