மூஷிக மருத்துவம்: ஒரு சிற்றுரை

பக்கவாதம் வந்தால் மூளையணுக்களைச் சாகாமல் காக்க மருந்தே கிடையாது என்று ஒரு புலம்பல் உண்டு. மருத்துவ உலகின் மேல் சுமத்தப்படும் அநியாயப் பழி இது. மருந்து உண்டு. எலியாகப் பிறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். (இக்கட்டுரையில் எலி என்றது ஆய்வுக்கூட எலியை. சுண்டெலியும் அதில் அடக்கம்.)

சான்றுகள் ஏராளம். மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2006-இல் ஒரு கணக்கெடுத்தார்கள். ஆய்வுக்கூடத்தில் முயன்று பார்த்த சிகிச்சைகள் 1,026. நோயாளியின் கட்டில் வரை வந்தவை 114. எடின்பரோக்காரர்கள் 2010-இல் விலங்குச் சோதனைக் கட்டுரைகள் 525-ஐப் புரட்டினார்கள். குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்று ஒப்புக்கொண்டவை வெறும் 10. எந்தப் பள்ளியும் பொறாமைப்படும் தேர்ச்சி விகிதம். பள்ளிகளில் தேறாத பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே கழித்துவிடும் வழக்கம் உண்டு என்பார்கள். ஆய்வுக்கூடத்தில் அந்த வேலையை மேஜை இழுப்பறை செய்கிறது. அச்சேறாதவற்றையும் ஊகித்துச் சேர்த்தால், மருந்துகளின் பெருமை உள்ளதைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஊதியிருக்கிறது என்று எடின்பரோக்காரர்கள் மதிப்பிட்டார்கள்.

எலிக்குப் பக்கவாதம் வரவழைப்பது நுட்பமான கலை. மயக்கம் கொடுத்து மல்லாத்தி, கழுத்தைக் கீறி, நுனி மழுக்கிய நைலான் நூலைத் தமனிக்குள் விட்டு, மூளையின் நடுத்தமனி வாயை அடைக்கும்வரை மெல்லத் தள்ள வேண்டும். அடைத்த நேரம் குறிக்கப்படும். மருந்து பக்கத்திலேயே ஊசியில் ஏறித் தயாராக இருக்கும். சில சோதனைகளில் அடைப்புக்கு முன்பே போட்டுவிடுவார்கள். எலிக்கு இளவயது. பெரும்பாலும் ஆண். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை.

மனிதர் இவ்வளவு ஒத்துழைப்பதில்லை. எழுபது வயதில், மேற்படி இரண்டும் முற்றிய பிறகு, காலையில் எழுந்து காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் கீழே போடுகிறார். எத்தனை மணிக்கு அடைத்தது என்று அவருக்கே தெரியாது. "பித்தமா இருக்கும், கொஞ்ச நேரம் படுங்க" என்கிறார்கள் வீட்டில். பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் போகும் என்பது ஜெஃப்ரி சேவர் 2006-இல் போட்ட கணக்கு. பித்தம் தெளிய அரை மணி நேரமாவது ஆகும்.

இந்த இடைவெளியை அறிஞர்கள் கவனிக்காமல் இல்லை. விலங்குச் சோதனை எப்படி இருக்க வேண்டும் என்று 1999-இல் ஸ்டேர் என்ற பெயரில் விதி வகுத்தார்கள். அந்த விதிக்கு உட்பட்ட உத்தம மருந்தாக என்எக்ஸ்ஒய்-059 கொண்டாடப்பட்டது. 1,700 பேருக்கு மேல் பங்கேற்ற முதல் சோதனை, பலன் தெரிகிறது என்று 2006-இல் சொன்னது. 3,300 பேருக்கு மேல் பங்கேற்ற இரண்டாவது சோதனை, தெரியவில்லை என்று 2007-இல் சொன்னது. அப்புறம்தான் பழைய எலிக் கட்டுரைகளை எடுத்துத் தூசி தட்டினார்கள். எலிகளைக் குலுக்கல் முறையில் பிரித்ததாகச் சொன்ன ஆய்வுகளைவிட, அப்படிச் சொல்லாதவற்றில் மருந்தின் வீரியம் இரு மடங்குக்கு மேல் இருந்தது. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு.

இதற்கும் மேலே ஒரு சங்கதி. எலி இரவில் நடமாடி, பகலில் தூங்குவது. ஆய்வாளர் பகலில் வேலைக்கு வருபவர். ஆகவே காலங்காலமாக, தூக்க நேரத்து எலிக்கே பக்கவாதம் வரவழைக்கப்பட்டது. இது யாருக்கும் உறுத்தவில்லை. 2020-இல் நேச்சர் இதழில் ஒரு குழு, என்எக்ஸ்ஒய்-059-இன் தாய்ச்சேர்மம் உட்பட மூன்று வழிகளை இருவேளையும் சோதித்து எழுதியது. பகலில் மூன்றும் மூளையைக் காத்தன. எலி சுறுசுறுப்பாக இருக்கும் இரவில் காக்கவில்லை. மனிதருக்கோ பக்கவாதம் அதிகம் வருவது விழித்தெழுந்த காலை வேளையில்.

மனிதருக்குப் பலித்தவை வேறு வழியில் வந்தன. 1995-இல் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி. 2015-இல், நெதர்லாந்தில் தொடங்கி அடுத்தடுத்து வந்த ஐந்து சோதனைகளில், தொடை வழியே குழாய் விட்டுக் கம்பிவலையால் கட்டியை உருவி எடுக்கும் முறை. அடைப்பை உருவினால் மூளை பிழைக்கிறது.

நூலை உருவி மறுபடி ரத்தம் பாயவிடும் முறையை ஜப்பானின் கொய்சுமி 1986-இலேயே எலிக்குச் செய்துவிட்டார். அதைப் பின்பற்றிய ஆய்வுகளில் மருந்து போட்ட எலிக்கும் உருவினார்கள், போடாத எலிக்கும் உருவினார்கள். முடிவுரையில் மருந்தைப் பற்றி எழுதினார்கள். நூலை உருவிய விவரம் செய்முறைப் பகுதியில் ஒரு வரியாக இருக்கும்.