ஏழரை மணி வரை பெஞ்சில் இடமில்லை

அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் கூப்பிடுவான். முதல் 5 நிமிஷம் குசலம். அதற்குப் பிறகு அவன் ஊர் வாழ்க்கைத் தரம்.

"மாமா, இங்க எங்க போனாலும் பத்தே நிமிஷம். டிராஃபிக்கே கிடையாது. சின்ன ஊரு, காலேஜ் டவுன் பாருங்க."

அவன் இருப்பது அலபாமா மாநிலத்தில் ஆபர்ன் என்ற ஊர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கெளுத்தி மீன் வளர்ப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறான். அக்கா எங்கள் ஊர் கச்சிராயபாளையம் முழுக்க "பையன் அமெரிக்காவுல சயின்டிஸ்ட்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். என்ன சயின்ஸ் என்று குடைகிறவர்களுக்கு "தண்ணி சம்பந்தமா" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். கோமுகி அணையில் கெளுத்தி பிடிக்கிறவர் வீட்டில் இதற்குமுன் யாரும் சயின்டிஸ்ட் பட்டம் கேட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

பத்து நிமிஷ விஷயத்தில் எங்கள் ஊரும் சளைத்ததில்லை. எந்தப் பக்கம் நடந்தாலும் பத்து நிமிஷத்தில் ஊர் முடிந்து கரும்புக் கொல்லை வந்துவிடும். ஒரே ஒரு வித்தியாசம். மளிகைக் கடைக்குப் போக எனக்குப் பத்து நிமிஷம், திரும்பி வர ஒண்ணேகால் மணி நேரம். நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். என்னிடம் படித்தவன் திண்ணையில் இருப்பான், அவன் அப்பா டீக்கடையில் இருப்பார், அவன் பிள்ளைக்கு எந்த குரூப் எடுப்பது என்று இருவரும் தனித்தனியாகக் கேட்பார்கள். அரவைப் பருவமாக இருந்தால், கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றி வந்து வரிசையில் நிற்கும் டிராக்டர்க்காரர்களுக்கும் பதில் சொல்லவேண்டும். பொழுது போகாமல் நிற்கிறவர்கள் அவர்கள். யார் அகப்பட்டாலும் பிடித்துக்கொள்வார்கள்.

ஊர்ப் பெயரைக் கேட்டாலே எங்கள் மதிப்பு தெரியும். பெயருக்குள் ஒரு ராயரும் ஒரு பாளையமும் இருக்கின்றன. அதை வாயால் சொல்லும்போது 'கச்சிராபாளையம்' ஆக்கி ராயரைப் பாதியாக நறுக்கிவிடுகிறோம். பேரூராட்சிப் பலகையைப் பார்த்தால் வடக்கனந்தல் என்று இருக்கும். வெளியூர் ஆள் பலகையைப் படித்துவிட்டு, தப்பான ஊரில் இறங்கிவிட்டதாக நினைத்து அதே பஸ்ஸில் ஏறப் பார்ப்பான். ஆபர்ன் மட்டும் என்ன வாழ்ந்தது? ஆலிவர் கோல்ட்ஸ்மித் 1770இல் எழுதிய ஒரு நெடுங்கவிதையிலிருந்து எடுத்த பெயர் அது. கவிதையின் தலைப்பு 'கைவிடப்பட்ட கிராமம்'. ஆளெல்லாம் வெளியேறிப் பாழாய்ப்போன ஊரின் பெயரைக் கொண்டுபோய், உலகமெங்கும் இருந்து ஆள் எடுக்கிற ஊருக்கு வைத்திருக்கிறார்கள். சோதிடர் யாரையும் கேட்கவில்லை போலிருக்கிறது.

கல்லூரி ஊர் என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். நான் படித்தது அண்ணாமலை நகரில். 1929இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகம். அப்போது நாங்கள் தென்னாற்காடு மாவட்டம். கள்ளக்குறிச்சி போய், விருத்தாசலத்தில் மாறி, சிதம்பரத்தில் இறங்கும்போது இடுப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்வேன். ரயில் பாதைக்கு ஒரு பக்கம் நடராஜர், மறுபக்கம் நாங்கள். மூன்று வருஷத்தில் அங்கே நான் கற்றுக்கொண்ட கணிதம் மறந்துவிட்டது; மெஸ்காரர் சொன்ன ஒரு வாக்கியம் மறக்கவில்லை. "நீங்கல்லாம் லீவுல ஊருக்குப் போனீங்கன்னா, தம்பி, நான் ஈ ஓட்டணும்." ஓர் ஊர் கல்லூரி ஊரா இல்லையா என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல சோதனை கிடையாது. மே மாதம் கடைக்காரர் ஈ ஓட்டினால் அது கல்லூரி ஊர்.

(மாவட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கலெக்டரைப் பார்க்க அன்று கடலூர் போனோம். 1993இல் விழுப்புரம் போகச் சொன்னார்கள். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சியே மாவட்டமாகிவிட்டது. வீடு மாறாமலே மூன்று மாவட்டம் பார்த்துவிட்டேன். கலெக்டர் ஆபீஸ் என்னை நோக்கி வந்துகொண்டே இருக்கிறது. ஆயுள் இருந்தால் எதிர்வீட்டுக்கு வரும்.)

மருமகன் ஊருக்குத் திரும்புவோம். ஆபர்னில் 2020 கணக்குப்படி 76,000 பேர். பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் 87,000 பேருக்கு மேல் உட்காரலாம். கைக்குழந்தை முதல் படுத்த படுக்கைக் கிழவர் வரை ஊரையே உள்ளே வைத்துப் பூட்டினாலும் பத்தாயிரம் இருக்கைக்கு மேல் மிச்சம். ஜெயித்துவிட்டால் எல்லோரும் டூமர்ஸ் கார்னர் என்ற நாற்சந்திக்கு ஓடிவந்து, அங்குள்ள ஓக் மரங்களின் மேல் டாய்லெட் பேப்பர் சுருளை வீசுவார்களாம். மரமே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நிற்குமாம். போட்டோ அனுப்பியிருந்தான். என் மனைவி பார்த்துவிட்டு, "வேண்டுதலா?" என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை. எங்கள் ஊரில் பிள்ளை வரம் வேண்டி மரத்தில் தொட்டில் கட்டுவோம், மஞ்சள் துணி முடிவோம். அந்த ஊர்க்காரர்கள் பாவம், துணிக்கு வழியில்லாமல் காகிதத்தில் முடித்துக்கொள்கிறார்கள்.

கதை அதோடு நிற்கவில்லை. 2010இல் பரம எதிரி அணி ஆபர்னிடம் தோற்றது. அந்த அணியின் ரசிகர் ஒருவர் ஆத்திரத்தில் வந்து, அப்போது அங்கே இருந்த இரண்டு பெரிய மரங்களுக்கும் களைக்கொல்லி விஷம் வைத்துவிட்டார். வைத்தவர் சும்மா இருந்தாரா? ரேடியோ நிகழ்ச்சிக்குப் போன் போட்டு, நான்தான் வைத்தேன் என்று பெருமையடித்துக்கொண்டார். 2013இல் மரங்களை வெட்டினார்கள். ஆளை ஜெயிலில் போட்டார்கள். வாய்க்கால் வரப்புத் தகராறில் தென்னைக்கு ஆசிட் ஊற்றுகிற ஆட்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஊற்றியவன் வானொலிக்குச் சொன்னதில்லை. இந்த ஒரு விஷயத்தில் எங்கள் வாழ்க்கைத் தரம் ஒரு படி மேல் என்று மருமகனிடம் சொல்லிவிட்டேன்.

"சாப்பாடு எப்படிடா?" என்றேன் ஒருநாள்.

"இங்க சவுத்ல கிரிட்ஸ்னு ஒண்ணு ஃபேமஸ் மாமா. மக்காச்சோளக் கஞ்சி மாதிரி இருக்கும். காலையில அதான்."

மக்காச்சோளம் எங்கள் மாவட்டத்தில் லோடு லோடாக விளைகிறது. கோழித் தீவனத்துக்கு அனுப்புகிறோம். கல்வராயன் மலையில் சாமைக் கஞ்சி குடித்து வளர்ந்தவர்கள் பட்டணம் வந்து இட்லிக்கு மாறியதை முன்னேற்றம் என்றோம். இவன் கடல் கடந்து போய்க் கஞ்சிக்குத் திரும்பியிருக்கிறான். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை.

இனி எங்கள் ஊர். இது கல்லூரி ஊரா? எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிக்கும் கல்லூரிகள் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர், சேலம் என்று திசைக்கு ஒன்றாகக் கிடக்கின்றன. சிறுவங்கூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. ஆனால் கல்லூரிகளின் பஸ் மட்டும் எங்கள் ஊருக்குத்தான் வருகிறது. காலை ஆறரையிலிருந்து ஏழரை வரை மஞ்சள் பஸ்ஸாக வந்து நிற்கும். டீ மாஸ்டர் திரும்பிப் பார்க்காமலே ஹாரனை வைத்து எந்தக் கல்லூரி என்று சொல்லிவிடுவார். "நர்சிங் வந்துடுச்சு, இன்ஜினீயரிங் இன்னிக்கு லேட்டு." பின்னாலேயே ஓர் அம்மா டிபன் பாக்ஸோடு ஓடிவருவாள். பஸ் நகர்ந்துவிட்டால் பாக்ஸ் ஜன்னல் வழியாகப் போகும். அந்த வீச்சைப் பார்த்தால் ஆபர்ன் மைதானத்தில் உடனே சேர்த்துக்கொள்வார்கள்.

டீக்கடைப் பெஞ்சு முழுக்க ரெக்கார்டு நோட்டு. ஒருவன் வரைவான், நாலு பேர் பார்த்து எழுதுவார்கள். என்னிடம் படித்த பையன்கள்தான். 'வணக்கம் சார்' சொல்வார்கள், நகர மாட்டார்கள். டம்ளரோடு நின்றபடியே ஒருநாள் எட்டிப் பார்த்தேன். விடையில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறியிருந்தது. கை சும்மா இருக்கவில்லை, சுட்டிக்காட்டினேன். பையன் பணிவாகத்தான் சொன்னான்: "சார், அது எங்க சார் போட்டது."

பெஞ்சின் ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். வெள்ளிமலைப் பக்கம் மலைமேல் இருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வருகிறவள். அவள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். மற்றவர்கள் தூக்கக் கலக்கத்தில் இருக்க, இவள் மட்டும் எப்போதோ விழித்தவள் மாதிரி இருப்பாள். புதுமைப்பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் முதல்முறை கணக்கில் ஏறிய அன்று, குறுஞ்செய்தியை மாஸ்டரிடம் நீட்டிக் காட்டினாள். அன்று பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் டீ அவள் கணக்கு. நின்றுகொண்டிருந்த எனக்கும்தான்.

மே மாதம் இந்தப் பெஞ்சு காலியாகிவிடும். தாராளமாகக் காலை நீட்டி உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். போன மே மாதம் அப்படி உட்கார்ந்திருந்தபோது மாஸ்டர் துண்டை வீசிக்கொண்டிருந்தார். பார்த்தால் ஈ ஓட்டுகிறார். எனக்குச் சிதம்பரத்து மெஸ் ஞாபகம் வந்தது.

அடுத்த ஞாயிறு மருமகனிடம் சொன்னேன், நம்மூரும் காலேஜ் டவுன்தான் என்று. சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்குத் தெரியாதா மாமா? நாலு வருஷம் அந்தப் பெஞ்சுலதானே உக்காந்திருந்தேன்."

மறந்தே போயிருந்தேன். கல்லூரிக்குப் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். நாளைக்கு 3 மணி நேரம், வருஷத்துக்கு 180 நாள், 4 வருஷம். 2,160 மணி நேரம். இரவு பகலாக முழுசாக 90 நாள் பஸ்ஸுக்குள்ளேயே இருந்திருக்கிறான். பத்து நிமிஷம் பத்து நிமிஷம் என்று அவன் ஞாயிறு தோறும் சொல்வது பீற்றல் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அதற்கப்புறம் அவன் அதைச் சொன்னால் குறுக்கே பேசுவதில்லை.

கோமுகி அணை பார்க்க, கல்வராயன் மலை ஏற இந்தப் பக்கம் வருகிறவர்கள் பஸ் நிலையத்தில் இறங்கி டீ குடிப்பது வழக்கம். ஏழரைக்கு மேல் வாருங்கள். அதற்கு முன்னால் வந்தால் நின்றுதான் குடிக்கவேண்டும்.