எண்ணெயை மாற்றும் முன் ரத்தத்தைப் பாருங்கள்

கே: குழந்தைக்கு நாலு மாதம். தலையில் கை வைத்தாலே கொத்துக் கொத்தாக முடி வருகிறது. பால் கொடுப்பதை நிறுத்திவிடவா? (கோவளம்)

ப: நிறுத்தவே வேண்டாம். கர்ப்ப காலத்தில் உதிராமல் தங்கியிருந்த முடியெல்லாம் இப்போது சேர்ந்து கொட்டுகிறது. பெரும்பாலும் முதல் பிறந்தநாளுக்குள் சரியாகிவிடும். உதிர்ந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் கடுகைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைக் குமிழ் தெரியும். "வேரோடு போச்சே" என்று பதறாதீர்கள். முடி முளைக்கும் குழி தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. டெங்கு வந்து போன இரண்டு மூன்று மாதத்தில் கொட்டுவதும் இப்படித்தான்.

கே: திருப்போரூரில் மொட்டை போட்டால் அடர்த்தியாக முளைக்குமா? (நாவலூர்)

ப: கந்தசுவாமிக்கு வேண்டிக்கொண்டிருந்தால் தாராளமாகக் கொடுங்கள். அடர்த்திக்காக வேண்டாம். சவரக்கத்தி வேரைத் தொடுவதில்லை.

கே: எங்கள் போர் தண்ணீர் ஒரே உப்பு. அதனால்தான் கொட்டுகிறதா? (மாமல்லபுரம்)

ப: உப்புத் தண்ணீரில் முடி சொரசொரத்து, சிக்கு விழுந்து, சீப்பில் பாதியாக முறியும். கடைசிச் சொம்பை நல்ல தண்ணீராக ஊற்றுங்கள். முழு நீள முடி குமிழோடு வந்தால் பழியைத் தண்ணீர் மேல் போடாதீர்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), தைராய்டு மூன்றையும் பாருங்கள். மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். புதுப்புது எண்ணெய்க்குக் காசு எடுக்கிற வீட்டில், பெண்களின் ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் "அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

கே: வகிடு வருஷா வருஷம் அகலமாகிறது. மினாக்சிடில் போடலாமா? (திருக்கழுக்குன்றம்)

ப: தோல் மருத்துவர் பார்த்துச் சொன்னால் போடலாம். முதலில் அது ரத்தக் கொதிப்பு மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி வளரவே, தலையில் தடவும் மருந்தானது. முதல் சில வாரம் கூடுதலாகக் கொட்டும். அங்கேதான் பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். பலன் தெரிய நாலைந்து மாதமாவது ஆகும், நிறுத்தினால் பலனும் போய்விடும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தொடக் கூடாது.

கே: புருவ ஓரமும் உதிர்கிறது. (செங்கல்பட்டு)

ப: இதைத் தள்ளிப் போடாதீர்கள். தைராய்டு குறைந்தாலும் புருவ ஓரம் உதிரும், தொழுநோயிலும் உதிரும். உணர்ச்சியற்ற தேமலோ, காது மடலில் தடிப்போ இருக்கிறதா பாருங்கள். 1955 முதல் மத்திய அரசு நடத்தும் தொழுநோய் நிறுவனம் உங்கள் பக்கத்தில் திருமணியிலேயே இருக்கிறது. கூட்டு மருந்து இலவசம். ஆறு மாதமோ ஒரு வருஷமோ சாப்பிட்டால் குணமாகும். ஊர் என்ன சொல்லும் என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், அம்மா. தாமதித்தால் நரம்பு கெட்டுப்போகும்.