அசையாப் பிள்ளைகளை வழங்கக் கோரும் விண்ணப்பம்

யட்டவத்த,
மாத்தளை மாவட்டம்.

செயலாளர்,
கல்வி அமைச்சு,
இசுருபாய, பத்தரமுல்லை.

விடயம்: அசையாமல் உட்காரும் பிள்ளைகளை எமது பிரதேசத்துக்கு வழங்குதல்

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

தங்கள் வகுப்பறையைப் பற்றி எங்களுக்கு எந்த முறைப்பாடும் இல்லை. காலை 7.30க்கு மணி அடிக்கிறது, பிற்பகல் 1.30க்கு விடுகிறார்கள். இடையிலுள்ள ஆறு மணித்தியாலத்தையும் வாங்கில் முதுகு நிமிர்த்தி, கை கட்டி, சொன்னதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டு கழிக்கக்கூடிய ஒரு பிள்ளையை மனத்தில் வைத்தே பாடத்திட்டம், பாடவேளை, பரீட்சை எல்லாம் ஆக்கியிருக்கிறீர்கள். நல்ல ஏற்பாடு. குறை எங்கள் பக்கம்தான். அந்தப் பிள்ளை யட்டவத்த பக்கம் விளைவதில்லை. மிளகு விளைகிறது, கொக்கோ விளைகிறது, சாதிக்காயும் கராம்பும் விளைகின்றன. பிள்ளைகள் மட்டும் அசைகிற இனமாகவே பிறக்கிறார்கள். ஆகவே தேவையான தொகை அசையாப் பிள்ளைகளைத் தாங்களே அனுப்பி உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தற்போது கையிருப்பில் உள்ளவற்றின் விபரம் வருமாறு.

முதலாவது, குழப்படிக்காரன். காலையில் இருந்த பென்சில் எட்டு மணிக்கு இருக்காது. டீச்சர் கேள்வியை முடிக்கு முன்பே பதில் வந்துவிடும். வருவதும் பாதிப் பதில். கொப்பியில் முதல் நாலு வரி முத்து முத்தாக இருக்கும், ஐந்தாவது வரியில் ஒரு பஸ் வரைந்திருக்கும். இரண்டாவது, யன்னலோரத்துப் பெண்பிள்ளை. அவள் அசைவதே இல்லை. தங்கள் தேவைக்கு அளவெடுத்தது போல இருக்கிறாளே என்று நாங்களும் மகிழ்ந்தோம். பிறகுதான் தெரிந்தது, கணக்கின் இரண்டாம் வரியிலேயே அவள் எங்கோ போய்விட்டாள் என்று. யாருக்கும் தொல்லை கொடுக்காதபடியால் அவளை யாரும் எந்த வைத்தியரிடமும் அனுப்பவில்லை. மந்தம் என்று தீர்மானித்து வருடாவருடம் மேல்வகுப்புக்கு ஏற்றிவிடுகிறார்கள். கவனக்குறைவும் மிகைச்செயற்பாடும் என்று வைத்தியர்கள் சொல்லும் குறைபாடு இந்த இரண்டு பேருக்கும் இருக்கலாம் என்பதும், பெண்பிள்ளைகள்தான் அதிகம் தவறவிடப்படுகிறார்கள் என்பதும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை.

இது எங்கள் ஊர்த் தண்ணீரின் கோளாறு என்று தாங்கள் கோப்பில் எழுதிவிட வேண்டாம். 1845இல் பிராங்பேர்ட் நகரத்து வைத்தியர் ஹைன்ரிஷ் ஹொஃப்மன் தன் மகனுக்காக ஆக்கிய படக்கதைப் புத்தகம் அச்சானது. அதன் பின்வந்த பதிப்பிலே ஃபிலிப் என்றொரு பையன் சாப்பாட்டு மேசையில் கதிரையை ஆட்டி ஆட்டி, கடைசியில் மேசைவிரிப்போடு அத்தனை கோப்பையையும் இழுத்துக்கொண்டு விழுகிறான். 1902இல் ஜோர்ஜ் ஸ்டில் லண்டனில் வைத்தியர்கள் முன் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி விரிவுரை ஆற்றினார். இவர்களில் பலருக்குப் புத்தியில் குறையில்லை என்று அன்றே சொன்னார். உலகளவில் நூற்றுக்கு ஐந்து பிள்ளைகள் அளவில் இது இருக்கிறது என்கிறார்கள். இருபது பேர் வகுப்பில் ஒருவர். எங்கள் ஊர் ஆச்சிமாருக்கு இந்தக் கணக்குத் தேவைப்படவில்லை. "இவன் அப்பனும் சின்னதில இப்படித்தான்" என்று சொல்லி முடித்துவிட்டார்கள். இது வருவதில் பெரும்பங்கு பரம்பரைக்கே என்று இரட்டைப் பிள்ளைகளை வைத்து ஆய்ந்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள், கொஞ்சம் கூடுதல் செலவில்.

நாங்கள் சிகிச்சை செய்யாமல் விட்டோம் என்றும் நினைக்க வேண்டாம். கைவசம் பல இருக்கின்றன. முதலில் பிரம்பு. தங்கள் 2005/17 இலக்கச் சுற்றுநிருபம் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்த நாளிலிருந்து நாட்டில் எந்தப் பாடசாலையிலும் பிரம்பு கிடையாது. கரும்பலகையில் வரைபடம் காட்டும் கோல் மட்டும்தான் உண்டு, அது சில வேளை கை தவறிப் பிள்ளை மேல் படுகிறது. ஆசிரியர் அறைந்து ஒரு மாணவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில் 2021இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொன்னது தங்களுக்கு நினைவிருக்கும். அடுத்தது பின்வாங்கு. கரும்பலகையிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு அமைதி. பிறகு நூல் கட்டுவது, தண்ணீர் ஓதிக் கொடுப்பது. பிறகு டியூஷன்: ஆறு மணித்தியாலம் உட்கார முடியாத பிள்ளைக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் உட்காருவதே மருந்து என்று யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களுக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம்.

"கிரிக்கெட் என்றால் அசையாமல் பார்க்கிறானே, அப்போ எல்லாம் நடிப்புத்தானே?" என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்பார்கள். இந்தப் பிள்ளைகளிடம் கவனம் இல்லாமல் இல்லை. அதைத் திருப்பும் பிடிதான் கையில் இல்லை. பிடித்தமானது தானாக இழுத்துக்கொள்ளும். வகுத்தல் கணக்கு இழுப்பதில்லை. எங்களுக்குந்தான் இழுத்ததில்லை, நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம். அந்தப் பல்லைக் கடிக்கிற பலம்தான் அவனுக்குப் பிந்தி வளர்கிறது.

பாடசாலை வைத்தியப் பரிசோதனைக்கு 1, 4, 7, 10ஆம் தரங்களில் ஆட்கள் வருகிறார்கள். உயரம், நிறை, பல், கண் எல்லாம் பார்க்கிறார்கள். நல்ல சேவை. ஆனால் யன்னலோரத்துப் பிள்ளையைத் தராசில் ஏற்றினால் நிறை சரியாகத்தான் இருக்கும்.

கடைசியில் யாரோ ஒரு நல்ல டீச்சர் சொல்லி, தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு புறப்படுகிறாள். யட்டவத்தவிலிருந்து மாத்தளை, மாத்தளையிலிருந்து கண்டி, அங்கிருந்து பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைப் பக்கம். ஒரு நாள் கூலி போய்விடும். வைத்தியர் கேட்பது நியாயமான கேள்விகள்: வீட்டிலும் பாடசாலையிலும் இரண்டு இடத்திலும் இப்படியா, ஆறு மாதத்துக்கு மேலா, 12 வயதுக்கு முன்பே தொடங்கியதா, காது கேட்கிறதா, இரவில் தூங்குகிறானா, இடையிடையே சில நொடி உறைந்து போகிறானா? அப்படி உறைவது வலிப்பின் ஒரு வகையாகவும் இருக்கலாம். தாய் மத்தியகிழக்குக்கு வேலைக்குப் போன பிள்ளைக்கு யன்னலைப் பார்க்க வேறு காரணம் இருக்கும். அதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆனால் கேள்வி சிங்களத்தில் வருகிறது, தாயிடம் பதில் தமிழில் இருக்கிறது. நடுவில் மொழிபெயர்ப்பவன் யார்? சந்தியில் விளையாடிச் சிங்களம் பிடித்துக்கொண்ட அந்தப் பையன்தான். "சொல்வழி கேட்கிறானா என்று டொக்டர் கேட்கிறார்" என்று தாயிடம் சொல்லி, தாய் ஒப்பாரி வைத்துச் சொன்ன முழு நீளப் பதிலை "ஔ, அஹனவா" (ஓம், கேட்கிறான்) என்று இரண்டே சொல்லில் வைத்தியருக்குத் திருப்பிக் கொடுப்பான். பாடசாலையிலிருந்து கொண்டுவந்த கடிதத்தில் ஒரே ஒரு வரி: பிள்ளை குழப்படி.

மருந்து இருக்கிறது. மெதைல்பெனிடேற்றை முதலில் ஆக்கிய சுவிற்சர்லாந்து இரசாயனவியலாளர் தன் மனைவி ரீட்டாவின் பெயரால் அதற்கு ரிற்றலின் என்று பெயர் வைத்தார். சோம்பலைத் தட்டும் மாத்திரை ஓடித்திரியும் பிள்ளையை எப்படி அமர்த்துகிறது என்று கேட்பவர்களுக்கு, அது பிள்ளையை மயக்குவதில்லை, அந்தப் பிடியைத்தான் கையில் கொடுக்கிறது என்று சொல்ல வேண்டும். பத்தில் ஏழு பிள்ளைகளுக்கு அளவில் பலன் தெரிகிறது. பசி குறையும், தூக்கம் தள்ளும். நிறையும் உயரமும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். ஆறு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரைப் பழக்குவதுதான் முதல் சிகிச்சை. சாதாரண மாத்திரை நாலு மணித்தியாலம் அளவில் வேலை செய்யும். காலையில் விழுங்கினால் பிற்பகல் டியூஷனுக்கு எட்டாது என்பதை டியூஷன் சேர்மாருக்கு ஒரு சுற்றுநிருபம் மூலம் அறிவிக்கலாம்.

இன்னொரு சுற்றுநிருபமும் வேண்டும். ஜனவரி 31இல் ஐந்து வயது நிறைந்தால் முதலாம் தரம். ஜனவரியில் பிறந்தவன், முந்திய பெப்ரவரியில் பிறந்தவனை விடக் கிட்டத்தட்ட ஒரு வருடம் சின்னவன். இருவருக்கும் ஒரே வாங்கு. வகுப்பில் வயதில் சிறிய பிள்ளைகளுக்கே இந்தக் குறைபாட்டுப் பெயர் அதிகம் சூட்டப்படுகிறது என்று கனடாவிலும் ஐஸ்லாந்திலும் தாய்வானிலும் கண்டிருக்கிறார்கள். யட்டவத்த தாய்மார் இனி ஜனவரியில் பிள்ளை பெறக்கூடாது என்று அறிவித்தால் இப்பிரச்சினையில் ஒரு பகுதி தீரும்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றியும் ஒரு சொல். 2024 செப்டெம்பரில் மூன்று வினாக்கள் நேரத்துக்கு முன்பே வெளியே ஓடிவிட்டன. அவற்றை யாரும் பின்வாங்கில் வைக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த மூன்றுக்கும் புள்ளி கொடுத்துச் சமாளித்தீர்கள். பொறுமையாகக் கையாளத் தங்களுக்குத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அசையாப் பிள்ளைகள் கையிருப்பில் இல்லை என்று பதில் வந்தால், மாற்றுப் பொருளாகச் சிலவற்றை ஏற்றுக்கொள்கிறோம். முன்வாங்கில் ஒரு இடம். ஒரு தடவைக்கு ஒரு கட்டளை. இருபது கணக்கை ஐந்து ஐந்தாகப் பிரித்துக் கொடுக்க அனுமதி. இங்கே ஒரு டீச்சர், பையன் நெளியத் தொடங்கும்போது வெண்கட்டி எடுத்துவர அலுவலகத்துக்கு அனுப்புகிறார். இரண்டு நிமிடத்தில் வந்து மீண்டும் எழுதுகிறான். இதற்கு எந்த ஒதுக்கீடும் கேட்கவில்லை, வெண்கட்டியைத் தவிர. கிளினிக் கொஞ்சம் பக்கத்தில், தமிழில் என்றால் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். அது சுகாதார அமைச்சின் விடயம் என்று கோப்பைத் தள்ளிவிடுவீர்கள், அவர்கள் இது பாடசாலை விடயம் என்று திருப்பி அனுப்புவார்கள். கோப்பும் எங்கள் ஊர்ப் பிள்ளைதான் போலிருக்கிறது.

பதிலைத் தமிழில் அனுப்பினால் நல்லது. சிங்களத்தில் வந்தால் அந்தப் பையன்தான் வாசித்துச் சொல்ல வேண்டிவரும். இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் மிச்சத்தை அவனே கட்டிச் சொல்லிவிடுவான், நாங்களும் அதையே அமைச்சின் தீர்மானம் என்று எடுத்துக்கொண்டு நடைமுறைப்படுத்திவிடுவோம்.

இங்ஙனம்,
யட்டவத்த பெற்றோரில் ஒருவன்